முன்னே வந்த மணியோசை

வீட்டுச் சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் வந்து கூப்பிட்டால், பூட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெயில் மழை பார்க்கமாட்டார். வழி நெடுகச் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டே வருவார். கதவுக்கு முன்னால் வந்து நின்றதும்தான் மனிதர் மாறுவார். கையிலுள்ள கம்பியைப் பூட்டில் நுழைப்பதற்கு முன், “உள்ள போனதும் முதல்ல கண்ணுல படுறது என்னன்னு சொல்லுங்க” என்பார். சொன்னால் திறப்பார். திறந்ததும் முதலில் உள்ளே போவது அவர் தலைதான். சொன்ன பொருள் அங்கே இல்லையென்றால் கதவை இழுத்து மறுபடியும் பூட்டிவிட்டு, கூலிகூட வாங்காமல் நடையைக் கட்டிவிடுவார்.

இதனால் அவர் சம்பாதித்த கெட்ட பெயர் கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை கோட்டும் டையுமாக ஒருவர் தன் வீட்டு வாசலில் இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் திருதிருவென்று விழித்தார். அவசரத்தில் அவருக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பாவம் பார்த்து, “மீன் தொட்டி” என்று எடுத்துக்கொடுத்தார். கோட்டுக்காரரும் “ஆமாமா, மீன் தொட்டி” என்றார். பூட்டுக்காரர் கம்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சொன்னது ஒருத்தர், திறக்கச் சொல்வது இன்னொருத்தர், இது ஒத்துவராது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அது கோட்டுக்காரரின் வீடேதான், மீன் தொட்டியும் இருக்கத்தான் செய்தது என்று பிறகு தெரிந்தது. ஏழு தலைமுறையையும் இழுத்து அவர் வைத வசவில் பூட்டுக்காரருக்குத் துளிகூட வருத்தமில்லை. அவர் வீடாகவே இருக்கட்டும், அது எனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அவர் கட்சி.

அவர் கடை ஒரு பெரிய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். பாதிக் கடை அவருடையது. அரம், பிடிகருவி, வெட்டாத பித்தளைச் சாவிகள் கொத்துக் கொத்தாக. மீதிப் பாதியில் அவர் மனைவி தையல் மெஷின் போட்டுக்கொண்டு, பெட்டிகளுக்கும் பைகளுக்கும் ஜிப் மாற்றிக்கொடுத்தார். ஊர் அவரை ஜிப்பக்கா என்றது. புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்குமே மூடுகிற தொழில், ஆனால் ரெண்டு பேருமே வாயை மட்டும் மூடமாட்டார்கள் என்று மேல்மாடி அலுவலகங்களில் கேலி பேசுவார்கள். அதில் பொய்யும் இல்லை.

ஊருக்கெல்லாம் சாவி போட்ட மனிதருக்குச் சொந்தமாக ஒரு கதவு கிடையாது. வாடகை வீடுதான், அதுவும் வருஷத்துக்கு ஒன்று. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வைத்தார்கள். கடைசியில் ஒரு டீச்சரம்மா, மகளோடு போய் இருக்கப்போவதால் தன் சின்ன வீட்டை விற்கிறார் என்று தெரிந்தது. வீடு பார்க்கப் போன அன்று பூட்டுக்காரர் சுவரையும் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. வாசல் பூட்டைப் பார்த்துவிட்டு, இதைக் குழந்தைகூடத் திறந்துவிடும் என்று சொல்லி மனைவியிடம் கிள்ளு வாங்கினார். டீச்சரம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. ஆனால் இன்னொருவரும் அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். குறித்த நாளன்று மாலைக்குள் முன்பணம் வந்துவிட வேண்டும், வராவிட்டால் மற்றவருக்குத்தான் என்று டீச்சரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த நாள் காலையில் பூட்டுக்காரரின் போன் செத்துப்போனது. விளக்கு எரிந்தது, ஆனால் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டினார், ஊதினார், சட்டையில் துடைத்தார். பிறகு பேங்க் பக்கத்தைக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்தார். கணக்கு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, வாடிக்கையாளர் சேவையை அழைக்கவும் என்று அதில் சிவப்பு எழுத்தில் இருந்தது. இத்தனை வருஷச் சேமிப்பும் அதற்குள்தான் இருந்தது. மனைவியின் போனை வாங்கி, கார்டின் பின்பக்கம் இருந்த நம்பரைப் போட்டார்.

பேங்கில் அவருக்குக் கிடைத்தவள் ஒரு பெண். சின்னக் குரல்தான், ஆனால் அதில் அசைவே இல்லை. ஆள் அடையாளம் சரிபார்க்கும் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். பிறந்த தேதி, விலாசம், அம்மா பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரும் கடகடவென்று சொன்னார். பிறகு, கணக்குத் தொடங்கியபோது அவரே தேர்ந்தெடுத்த ரகசியக் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது என்றாள்.

“சின்ன வயசுல வீட்டுல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க சார்?”

இங்கேதான் அவர் தொழிலே அவரைக் கவிழ்த்தது. சின்ன வயதில் அவர் எலும்பும் தோலுமாக இருந்ததால் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அவரை ‘வத்தல்’ என்றுதான் கூப்பிட்டார்கள். இன்றைக்கும் பழைய கூட்டாளிகள் கடைத்தெருவில் பார்த்தால் அப்படித்தான் கத்துவார்கள். கணக்குத் தொடங்கிய அன்று அந்தக் கேள்வி திரையில் வந்ததுமே அவர் உஷாராகிவிட்டார். ஊருக்கே தெரிந்த பெயரை ரகசியமாக வைப்பது, மிதியடிக்கு அடியில் சாவி வைப்பது மாதிரி. எவன் வந்தாலும் முதலில் அங்கேதான் கை விடுவான். அதனால் உண்மையை விட்டுவிட்டு ஒரு பொய்யை அடித்து வைத்தார். கெட்டிக்கார வேலைதான். ஆனால் உண்மையை மறக்க முடியாது, பொய்யை மறந்துவிடலாம் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. என்ன பொய் சொன்னோம் என்பது இப்போது சுத்தமாக நினைவில் இல்லை.

“அதுல நான் உண்மையப் போடலம்மா. பொய்யாத்தான் ஏதோ போட்டேன். என்ன பொய்னு மறந்துபோச்சு” என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு திருட்டுத்தனமாகக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்தது. பதிவில் இல்லாத நம்பரிலிருந்து பேசுகிறான், ரகசியக் கேள்விக்குப் பதில் தெரியாது, கேட்டால் பொய் சொன்னேன் என்கிறான். தன் கடைக்கு இப்படி ஒருவன் வந்திருந்தால் கல்லை விட்டு எறிந்திருப்பார்.

இன்னும் ஒரு வாய்ப்புத் தரலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள் அவள். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். எதிர்ப் பாதியில் மெஷினுக்குப் பின்னால் இருந்த ஜிப்பக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பொய்யைப் பூட்டுக்காரர் அடித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தவர் ஜிப்பக்காதான். வத்தலாக இருந்த மனிதர் தனக்கு வைத்துக்கொண்ட பெயரை அவர் எப்படி மறப்பார்? எழுந்து வந்து காதோரம் குனிந்து, “யானைங்க, யானை” என்றார்.

“யானை!” என்றார் பூட்டுக்காரர் போனில். கடையே அதிர்ந்தது.

மறுமுனையில் எதையோ தட்டிப் பதிவு செய்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் அதே அசையாத குரலில் பேசினாள்.

“யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேம்பாங்க சார். உங்க பதில் பின்னால வந்துச்சு. மணியோசை எனக்கு முன்னாலயே கேட்டுருச்சு.”

அந்தப் பதில் சரியா தப்பா என்றே தான் சொல்லப்போவதில்லை என்றாள். பக்கத்தில் ஒருவர் எடுத்துக்கொடுத்த பதிலை ஏற்றுக்கொள்ள அவளுக்கு அனுமதி இல்லை. இனி இந்தக் கேள்வியைப் போனில் கேட்கவும் முடியாது. அடையாள அட்டையோடு பேங்க் கிளைக்கு நேரில் போக வேண்டும், அதுவரை கணக்கு பூட்டியபடியே இருக்கும், அவராலும் திறக்க முடியாது, வேறு யாராலும் திறக்க முடியாது.

பூட்டுக்காரர் வெடித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் பணம் போகாவிட்டால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்றார். சொன்னது தன் சொந்த மனைவி, தெருவில் போகிறவர் அல்ல என்றார். பதில் சரியென்று உனக்கே தெரியும், தெரிந்துகொண்டே கழுத்தை அறுக்கிறாயே என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, ஒரு அங்குலம் நகரவும் இல்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, கிளை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை மட்டும் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு அவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். ஜிப்பக்கா, தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். பூட்டுக்காரர் அரத்தை எடுத்தார், வைத்தார். திடீரென்று அவர் முகத்தில் என்னவோ ஓடியது.

“மீன் தொட்டி” என்றார்.

“என்னங்க?”

“அந்தக் கோட்டுக்காரருக்கு நான் செஞ்சத அந்தப் பொண்ணு எனக்குச் செஞ்சுட்டா.”

அதற்கு மேல் அவரால் கோபமாக இருக்க முடியவில்லை. முயன்று பார்த்தார், வரவில்லை. இத்தனை வருஷமாக ஊரே சேர்ந்து கிறுக்கன் என்று சொன்ன ஒரு வழக்கம், முகம் தெரியாத யாரோ ஒரு பெண்ணிடம் வரி பிசகாமல் இருந்தது. வீடு போகப்போகிற வயிற்றெரிச்சலுக்கு நடுவிலும், அடடா, என்ன ஆள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடையைச் சாத்திக்கொண்டு இருவரும் கிளைக்கு ஓடினார்கள். அங்கே மேலாளர் அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கையெழுத்து வாங்கிப் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் முகத்தைத் தளர்த்தி, உட்காருங்கள், உங்கள் கணக்கை எதற்காக நிறுத்தினார்கள் என்று இப்போது சொல்லலாம் என்றார். அந்தப் பெண்ணையே போனில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டார்.

விஷயம் இதுதான். காலையில் எவனோ ஒருவன் போன் கம்பெனிக்குப் போய், சிம் தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி, பூட்டுக்காரரின் நம்பரிலேயே புது சிம் வாங்கிவிட்டான். அவர் போன் செத்தது அதனால்தான். இனி பேங்க் அனுப்பும் ரகசிய எண் எல்லாம் அவன் கைக்குத்தான் போகும். அதோடு நிற்காமல் அந்த நம்பரிலிருந்தே பேங்கைக் கூப்பிட்டு, தான்தான் பூட்டுக்காரர் என்றும், மொத்தப் பணத்தையும் ஒரு புதுக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருக்கிறான். எடுத்தது இதே பெண்.

“ரொம்ப மரியாதையாப் பேசினார் சார். பிறந்த தேதி, அம்மா பேரு, கடை விலாசம், ஒண்ணுகூடத் தப்பில்ல. சின்ன வயசுப் பேரு கேட்டதும் யோசிக்கவே இல்ல. ‘வத்தல்’னார்.”

ஜிப்பக்கா புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருவன், எல்லாரும் சேர்ந்து எடுத்த படத்தை இணையத்தில் போட்டு, கீழே ‘நம்ம வத்தல்’ என்று அன்போடு எழுதி வைத்திருந்தான். ஊரே பார்த்தது. திருடனும் பார்த்திருப்பான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதனால்தான் மாட்டிக்கொண்டான்.

பூட்டுக்காரருக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டியிருந்தது. இரண்டு பேர் பேசினோமே, அதில் யார் திருடன் என்று உனக்குத் தோன்றியது என்று கேட்டார்.

“நீங்கதான் சரியான ஆள்னு தோணிச்சு சார். உங்க கோபம் நெஜமா இருந்துச்சு. ஆனா தோணுறத நம்பித் திறந்தா, நாளைக்கு உங்கள விட நல்லாக் கோவப்படுற திருடன் வருவான். அவனுக்கும் திறந்துடுவேன்.”

பூட்டுக்காரர் வாயடைத்துப்போனார். அவர் ஆயுசில் அப்படி நடந்ததே இல்லை என்று ஜிப்பக்கா பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். தான் செய்து வந்த காரியத்துக்கு இவ்வளவு காலமும் அவருக்கே சொல்லத் தெரியாத காரணத்தை அந்தச் சின்னக் குரல் சொல்லிவிட்டது. நெஞ்சு நிறைந்துபோய், “உன் பேரு என்னம்மா?” என்று கேட்டார். பெயர் சொல்ல அனுமதி இல்லை என்று பதில் வந்தது. அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது.

பணம் பிழைத்தது, வீடு இன்னும் பிழைக்கவில்லை. நம்பரைத் திரும்ப வாங்கி, பழைய ரகசியங்களை எல்லாம் மாற்றி, மறுநாள்தான் பெரிய தொகையை அனுப்ப முடியும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். பூட்டுக்காரர் மனைவியின் போனிலிருந்து டீச்சரம்மாவைக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கி ஒரு நாள் தவணை கேட்டார்.

டீச்சரம்மா உடனே, இது உங்கள் நம்பர் இல்லையே என்றார். காலையில் நான் உங்கள் நம்பரைக் கூப்பிட்டபோது யாரோ எடுத்து, கொஞ்சம் பேசியதுமே வைத்துவிட்டார்கள், குரல் வேறு மாதிரி இருந்தது, நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். “என் வாசல் பூட்டப் பத்தி அன்னைக்கு என்ன சொன்னீங்க?”

பூட்டுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஜிப்பக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“குழந்தகூடத் திறந்துடும்னு சொன்னேம்மா.”

டீச்சரம்மா சிரித்துவிட்டார். இப்படி வாய்க்கொழுப்பாகப் பேச வேறு ஆள் கிடையாது, நாளைக் காலை வரை பொறுத்துக்கொள்கிறேன் என்றார். மறுநாள் காலையில் பணம் போனது. அதற்கு முன், மேலாளரின் மேசையில் உட்கார்ந்து பூட்டுக்காரர் ரகசியக் கேள்விக்குப் புதுப் பதில் போட்டார். மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜிப்பக்கா யாரும் சொல்லாமலே எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். யானை இப்போது செல்லாத காசு, அதனால்தான் அதை இங்கே சொல்ல முடிந்தது. புதிது என்னவென்று எனக்கும் தெரியாது, தெரிந்தாலும் சொல்வதாக இல்லை.

குடிவந்த பிறகும் பூட்டுக்காரருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. கத்தியதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை. பேங்குக்கு எழுதிப் போட்டார், கிடைத்ததா என்று தெரியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் புராணம்தான். கண்ணால் பார்க்காத ஒருத்தியை இப்படித் தலையில் வைத்துக் கொண்டாடுகிற மனுஷனை நான் பார்த்ததில்லை என்று ஜிப்பக்கா அலுத்துக்கொள்வார். ஆனால் வாடிக்கையாளர் யாராவது பாதியில் எழுந்தால், மீதியையும் கேட்டுவிட்டுப் போங்கள் என்று உட்காரவைப்பதும் அவர்தான்.

ஒரு விடுமுறை நாளில், புது வீட்டு வாசலில் தன் கையால் ஒரு பூட்டைப் பொருத்திக்கொண்டிருந்தார். போன் அடித்தது. பேங்கிலிருந்து, அடையாளம் சரிபார்க்கும் பிரிவிலிருந்து பேசுவதாக ஒரு குரல் சொன்னது. அவர் எழுதியது வந்து சேர்ந்ததாம். அந்தத் திருடனைப் பற்றியும் ஒரு தகவல் இருக்கிறதாம். அதே சின்னக் குரல், அதே அசையாத குரல். பூட்டுக்காரரின் கையிலிருந்து திருப்புளி நழுவியது. சேர்த்து வைத்த நன்றியையெல்லாம் கொட்டிவிட வாயைத் திறந்தார்.

“வச்சுடுறேம்மா” என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

ஜிப்பக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தேடிப்போன மூலிகை காலில் சிக்கியபோது உதறிவிட்டாரே என்று சத்தம் போட்டார். பூட்டுக்காரர் காதில் வாங்காமல் உள்ளே போய்க் கார்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்க நம்பரை ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினார். பாட்டுக் கேட்டுக்கொண்டு வெகு நேரம் காத்திருந்தார். முதலில் எடுத்த ஆளிடம், சற்று முன் உங்களிடமிருந்து எனக்கு அழைப்பு வந்ததா என்று கேட்டார். வந்தது, இணைக்கிறேன் என்றான் அவன்.

இணைப்புக் கிடைத்ததும் அந்தப் பெண், பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றாள். பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். ஜிப்பக்கா முணுமுணுத்துக்கொண்டே வெளியே போய், தங்கள் சொந்தக் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த முறை மணியோசை இல்லை. அவர் பதிலைச் சொன்னார். சரியாக இருக்கிறது என்றாள் அவள்.

“வச்சுட்டீங்களே சார்” என்றாள். அந்தக் குரல் முதல் தடவையாக லேசாக அசைந்தது. அவள் சிரிக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

“நீங்கதான்னு நல்லாவே தோணிச்சும்மா” என்றார் பூட்டுக்காரர். “அதான் வச்சேன்.”